பதினோரு நாள் கழித்து வந்த கையெழுத்து

அத்தியாயம் 5

காலை ஆறு மணிக்கு அந்த அலுவலகத்தின் இருபத்தேழு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் வந்தது. 'இன்று மாற்றம் ஏதும் இல்லை. எல்லாம் நலம்.'

அனுப்பியவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பத்தேகால் மணிக்கு அதை முதலாளியின் கைபேசியில் படித்துவிட்டு சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தினமும் வருதா?"

"ஞாயித்துக்கிழமை கூட விடறதில்லைங்க. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு வேலையே வேண்டாம்னு போயிடுச்சு."

"உயிரோட இருக்கிற என் மச்சான் மூணு வருஷமா ஒரு மெசேஜ் அனுப்பலைக்கா," என்றான் ஸ்க்ரூ. "இவரு பாருங்க, என்ன பொறுப்பு!"

சர்வேயர் இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் எரிந்த கிடங்குகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்துச் சேத மதிப்பு எழுதிய பெண்மணி. ஓய்வு பெற்றபின் துப்பறிகிறார். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. ஒரு பொருள் எப்படி உடைந்தது என்று ஆள் பொய் சொன்னால் மட்டும் தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குத்தான் ஸ்க்ரூ. நாற்பது வயது, ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்தவன், சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர்.

மேஜைமேல் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. பிறந்த குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் கருவி. இருபது விநாடி மூச்சு நின்றால் அலறவேண்டும். மூன்று மருத்துவமனைகளில் நாற்பது கருவிகள் சோதனையில் இருந்தன. இந்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து மூன்று நாள் ஒன்றுகூட அலறவில்லை. பதினாறாம் தேதி ஒரு நர்ஸ் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. தூக்கித் தட்டி மூச்சை வரவழைத்துவிட்டாள். பக்கத்தில் கருவி பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவியைத்தான் அவள் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

அதன் திரையில் இரண்டு வரி.

'உருவாக்கியவர்: மூத்தவன். 14ஆம் தேதி, மாலை 4.10.'

"மூத்தவன்கிறது அந்த மெயில் அனுப்பறவரோட லாகின் பேரு," என்றார் முதலாளி. கருவியை அவர் தொடவில்லை; பேனாவால் சுட்டிக்காட்டினார். "மூணாம் தேதி ஆபீசுக்கு வர்ற வழியில பஸ்லயே போயிட்டாரு. இது பதினாலாம் தேதி."

எதிரே இருந்த தொழில்நுட்பத் தலைவர் கருவியை எடுத்து விரலால் தட்டினார். எல்லோரும் அவரை 'ஹெட்' என்றார்கள். அயர்ன் கலையாத சட்டை.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல மேடம். அவர் தங்கச்சியும் இங்கதான் வேலை. அண்ணன் எழுதின பில்ட் சிஸ்டத்தைத் தூக்கிட்டு, உலகமே பயன்படுத்துற ஒண்ணுக்கு மாறப்போறோம். பில்ட்ரூட், யாக்டோன்னு ரெண்டு இருக்கு, எதுன்னுதான் இன்னும் முடிவாகல. அந்தப் பொண்ணுக்கு அது பொறுக்கல. அண்ணன் பேர்ல உள்ள போய்க் கெடுத்து வச்சிருக்கு. நாலு பத்துக்கு பில்ட் ரூம்ல இருந்தது அவ ஒருத்திதான். கார்டு பதிவு இருக்கு."

"அஞ்சு மணிக்கு போலீஸ்ல புகார் கொடுக்கறோம்," என்றார் முதலாளி. "அதுக்குள்ள வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. அந்தப் பொண்ணு இங்க சேர்ந்தப்போ அவ அண்ணனே கூட்டிட்டு வந்து எங்கிட்ட ஒப்படைச்சாரு."

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். முப்பதுக்குள் வயது. அடையாள அட்டையை நேற்றே வாங்கிவிட்டார்கள். கழுத்தில் வெறும் நாடா மட்டும் தொங்கியது.

"பில்ட் சிஸ்டம்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்று பக்கத்தில் உட்கார்ந்தார் சர்வேயர்.

அவள் யோசிப்பதற்குள் ஸ்க்ரூ முந்திக்கொண்டான். "கருவிக்குள்ள ஓடற லினக்ஸ் சாஃப்ட்வேர் கடையில வாங்கின ரெடிமேட் சட்டை இல்லக்கா, அளவெடுத்துத் தைச்சது. எந்தத் துணி, எந்தக் கடை, எத்தனை அங்குலம், எதுக்கப்புறம் எதைத் தைக்கணும்னு எல்லாம் ஒரு நோட்டுல இருக்கும். நோட்டைப் பார்த்துத் தானே தைக்கிற மெஷினும் இருக்கும். ரெண்டும் சேர்ந்தா பில்ட் சிஸ்டம்."

"முன்னூத்திப் பத்துத் துண்டு," என்றாள் தங்கை. "ஒவ்வொரு துண்டுக்கும் அண்ணன் நம்பர் போட்டுப் பூட்டி வச்சிருந்தாரு. இந்த நம்பர் துணிதான் வேணும், புதுசு வந்திருந்தாலும் வேண்டாம். கடையே மூடிப்போனாலும் தையல் நிக்கக்கூடாதுன்னு எல்லாத்துலயும் ஒரு பிரதி எடுத்து ஸ்டோர்ல வச்சிருந்தாரு. பதினஞ்சு வருஷம்."

"நாலு பத்துக்கு உள்ள என்ன பண்ணின?"

அவள் நாடாவை விரலில் சுற்றினாள். "சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மான்னா?"

"அந்த மெஷின் சத்தம். அவர் பக்கத்துல இருக்கிறப்போ கேக்கிற சத்தம் மேடம். வீட்டுல அது கேக்காதில்ல."

ஸ்க்ரூ தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினான்.

பில்ட் ரூம் நடைக்கோடியில் இருந்தது. கதவுக்கு வெளியே பத்துப் பதினைந்து சிறு அறைகள் கொண்ட மர அலமாரி, பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் காவலாளி. அவர் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போங்கம்மா. நான் வரலை," என்றார். "போன், லேப்டாப் எல்லாம் இந்த அலமாரியில வச்சிட்டுப் போங்க. அவர் போட்ட சட்டம். அவர் போனதுக்கப்புறம் மீற யாருக்கும் தைரியம் இல்ல."

"யார் எதை வச்சாங்கன்னு நோட்டுல எழுதுவீங்களா?"

"எழுதாம விட்டா சும்மா இருப்பாரா?"

உள்ளே சன்னல் இல்லை. இரும்புச் சட்டத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் விசிறி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு நாற்காலி, ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் சற்றுத் திரும்பி. சர்வேயர் அறையை அளப்பதுபோல் சுற்றி வந்தார். திடீரென்று விசிறியின் சத்தம் ஏறியது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுத் தணிந்தது.

ஸ்க்ரூ கதவருகே போய்விட்டான். "சூடு ஏறினா விசிறி வேகமா சுத்தும்கா. அவ்வளவுதான். நான் விஞ்ஞானம் தெரிஞ்சவன். வாங்க, வெளியில போய் விஞ்ஞானம் பேசலாம்."

"நில்லு. இதுல எழுதறது எப்படி?"

"எதை?"

"எதையாவது. கீபோர்டு எங்க? திரை எங்க?"

ஸ்க்ரூ பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தான். "இல்ல. அதுக்கெல்லாம் வயரே இல்லக்கா. எழுதறதெல்லாம் அவங்கவங்க மேஜையில. அங்க எழுதி அனுப்புவாங்க, இது தைக்கும்."

வெளியே வந்ததும் சர்வேயர் காவலாளியின் நோட்டை வாங்கிப் பதினான்காம் தேதிப் பக்கத்தைப் புரட்டினார். தங்கையின் பெயருக்கு நேரே: உள்ளே 3.55, வெளியே 4.40. போன், லேப்டாப் அலமாரியில்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துவைத்தார்.

மூத்தவனின் மேஜைக்குப் பின்னால் நீளமான அலமாரி. ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு கருவியை எடுத்து, அட்டை கட்டி, வரிசையாக வைத்திருந்தார். அட்டைகளில் சின்னக் கையெழுத்து. மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் நாற்காலியை எதிர்ப்பக்கம் திருப்பிப்போட்டு வேலை பார்த்தார்கள்.

சர்வேயர் அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார். "இதை ஆன் பண்ணு."

ஸ்க்ரூ ஆன் செய்தான். 'உருவாக்கியவர்: மூத்தவன்.'

"அட்டையில என்ன இருக்கு பாரு. 'எனக்குக் குடல்வால் அறுவை. மருத்துவமனையில் ஆறாம் நாள். இதைச் செய்தவள் தங்கை.'"

"அப்போ பேரு?"

"யார் செஞ்சாலும் அவர் பேருதான் வரும். நோட்டு எழுதினவர் பேரு அது, தைச்சவர் பேரு இல்ல. ஒரு தடவை எழுதி வச்சிட்டாரு, அது பாட்டுக்கு அச்சாகுது. காலையில வர்ற மெயிலும் அப்படித்தான் இருக்கும்."

"அப்பாடா." ஸ்க்ரூ நெஞ்சைத் தடவினான். "பேய்க்கு ஒரு கால் போச்சு. இன்னொரு கால், நாலு பத்து."

தங்கையை அழைத்துக் கேட்டார்கள். அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"அது தைச்ச நேரம் இல்ல மேடம். தைக்கிறது எப்பவும் காலை ஆறு மணிக்கு, தானா. புது மாற்றம் இருந்தா தைச்சு நாற்பது கருவிக்கும் அனுப்பிடும். இல்லேன்னா மெயில் மட்டும். ஒரே நோட்டை எத்தனை தடவை தைச்சாலும் ஒரு இழை மாறாம ஒரே சட்டை வரணும்னு அண்ணனுக்குப் பிடிவாதம். தைச்ச நேரத்தை உள்ள போட்டா ஒவ்வொரு தடவையும் மாறிடுமே? அதனால நோட்டுல கடைசியா ஒரு வரி மாறின நேரம் எதுவோ அதைப் போடுவாரு."

"இதை ஹெட்கிட்ட சொன்னியா?"

"அவருக்குத் தெரியாதா என்ன?"

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நோட்டோட மாற்றப் பதிவைக் காட்டு."

மதியம் முழுதும் அதிலேயே போயிற்று. பதினைந்து வருடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சில்லறை மாற்றங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கடிதம். யார் கேட்டது, ஏன் மாற்றினேன், எதில் சோதித்தேன். மூன்றாம் தேதிக்கு முன் அவர் எழுதிய எல்லாக் கடிதமும் ஒரே வகையில் முடிந்தது: 'சோதிக்காதவை' என்று தலைப்பிட்டு ஒரு சின்னப் பத்தி. ஒன்றுமில்லையென்றாலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு கையெழுத்து. எழுதியவர் ஒருவர், படித்து ஒப்பியவர் வேறொருவர். உரிமை உள்ளவர்கள் மூன்றே பேர்: மூத்தவன், தங்கை, ஹெட்.

பதினான்காம் தேதி 4.10. எழுதியவர்: மூத்தவன். ஒலி எழுப்பும் துண்டுக்கு இருந்த நம்பர் பூட்டை எடுத்துவிட்டு, புதிதாக எது இருக்கிறதோ அது போதும் என்று ஒரு வரி. கீழே கடிதம் இல்லை. வெறும் வெள்ளை.

"வந்த புதுசு நம்ம கருவிக்குப் பொருந்தல. ஊமையாயிடுச்சு," என்றான் ஸ்க்ரூ.

சர்வேயர் இரண்டாவது கையெழுத்தின் நேரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு முதலாளியின் அறையில் நால்வரும் கூடினார்கள். தங்கை சுவரோரம் நின்றாள். புகார்க் கடிதம் தட்டச்சாகி மேஜையில் இருந்தது.

"சார், நாலு பத்துக்குத் தைக்கலை, ஒரு வரியை மாத்தியிருக்காங்க," என்றார் சர்வேயர். "அந்த அறையில எழுத எதுவுமே கிடையாது. இந்தப் பொண்ணோட போனும் லேப்டாப்பும் வெளியில. காவலாளி எழுதி வச்சிருக்காரு. அந்த நேரத்துல இந்தக் கட்டடத்துல இருந்தவங்கள்ல, அதைச் செஞ்சிருக்கவே முடியாத ஒரே ஆள் இவதான். அந்தக் கார்டுப் பதிவு இவ பக்கம் சாட்சி."

ஹெட் சிரித்தார். "அப்போ யாரு, மூத்தவனா?"

"ஒப்புதல் கையெழுத்து உங்களுதுதானே?"

"மத்த வேலையும் சேர்த்து ஒரு நாளைக்கு நாற்பது போடறேன் மேடம். கண்ணை மூடிட்டுப் போட்டிருப்பேன்."

"போட்டிருக்கலாம். அந்த மாற்றம் வந்து முப்பத்தாறு விநாடியில போட்டிருக்கீங்க." சர்வேயரின் குரல் உயரவில்லை. "இந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு மெயிலைப் பார்த்தே வேலையை விட்டுச்சு. வாட்ச்மேன் கதவைப் பார்த்து உக்கார மாட்டேங்கறாரு. சார் இந்தப் பெட்டியைத் தொடமாட்டேங்கறாரு. உங்க திரையில, செத்துப் பதினோரு நாள் ஆன ஆளோட பேர்ல ஒரு வேலை வருது. நீங்க அலறலை, யாரையும் கூப்பிடலை. முப்பத்தாறு விநாடியில சரின்னு போட்டுட்டீங்க. இந்தக் கட்டடத்துல அந்தப் பேய்க்குப் பயப்படாத ஒரே ஆள் நீங்கதான். ஏன்னா அது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

முதலாளி ஹெட்டின் பக்கம் திரும்பினார். ஸ்க்ரூவும்.

ஹெட்டின் சட்டை மட்டும்தான் இப்போது கலையாமல் இருந்தது.

"இடம் பத்தலை," என்றார் கடைசியில். "புது சிஸ்டத்தை ஓட்டிப் பார்க்க டிஸ்க்ல இடம் வேணும். அவரோட ஸ்டோரைப் பழைய குப்பைன்னு அழிச்சிட்டேன். ஒலித் துண்டோட பழைய நம்பர் வெளியிலயும் எங்கயும் கிடைக்கலை. காலையில தையல் நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பழசைத் தொடமாட்டேன்னு சாருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் லேப்டாப் என் பீரோவுல இருந்தது, அவர் லாகின் பண்ணினபடியே... ஒரு வரிதானேன்னு நினைச்சேன்."

"இந்தப் பொண்ணை உள்ள தள்றதும் ஒரு வரிதானா?" என்றார் முதலாளி. "என் முகத்தைப் பார்த்துச் சொல்லுய்யா!"

"இருங்க சார்," என்றார் சர்வேயர். "உடைச்சது யாருன்னு தெரிஞ்சிடுச்சு. பதினெட்டாம் தேதி காலையில மீதி முப்பத்தொன்பதும் மறுபடி அலற ஆரம்பிச்சுதே, சரி பண்ணினது யாரு?"

முதலாளி ஹெட்டைக் காட்டினார். "இவர்தான்னு..."

ஹெட் தலையாட்டினார். "நான் இல்ல. பதினேழாம் தேதி இன்னொண்ணு வந்தது. அவர் பேர்லயே. லேப்டாப் பூட்டின பீரோவுல, சாவி என் இடுப்புல. கீழ முழுசா அவர் மாதிரியே ஒரு லெட்டர். கையெழுத்துப் போடாட்டி அடுத்து என்ன வரும்னு... படிக்கக்கூட இல்ல மேடம். போட்டுட்டேன். அன்னிக்கிலேருந்து எனக்குத் தூக்கம் கிடையாது."

ஸ்க்ரூ லேப்டாப்பைத் திருப்பினான். பதினேழாம் தேதி, முற்பகல் 11.20. எழுதியவர்: மூத்தவன். அவன் குரல் தானாகவே தணிந்தது.

"'யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவர்கள் பேச்சு வராத குழந்தைகள். ஒலித் துண்டு ஊமையாகிவிட்டதால் அதை விட்டு ஒதுங்கி, ஒலிபெருக்கியை நேரே எழுப்பும்படி சிறு நிரல் ஒன்று சேர்த்திருக்கிறேன். மேஜையில் இரண்டு கருவிகளை மின்சாரத்தில் செருகி, முப்பது முறை சோதித்தேன். முப்பது முறையும் அலறின.' அவ்வளவுதான்கா."

விசிறி எதுவும் ஓடாத அந்த அறையில் புகார்த் தாளின் நுனி மெல்ல அசைந்தது. முதலாளி அதைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"கடைசிப் பத்தி எங்க?" என்றார் சர்வேயர்.

"எந்தப் பத்தி?"

"'சோதிக்காதவை.' பதினஞ்சு வருஷத்துல ஒரு லெட்டர்லகூட அந்த மனுஷன் அதை விட்டதில்ல. இது அவரை நல்லாத் தெரிஞ்சவங்க அவசரத்துல எழுதினது."

சுவரோரம் ஏதோ சத்தம் கேட்டது. தங்கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள்.

"பேட்டரி," என்றாள்.

"என்னம்மா?"

"மின்சாரத்துல மட்டும்தான் சோதிச்சேன். பேட்டரியில ஓடும்போது அந்த ஒலிபெருக்கி கொஞ்ச நேரத்துல தூங்கிடும். முன்ன ஒலித் துண்டு எழுப்பிவிடும். நான் அதை விட்டு ஒதுங்கிட்டேன். நான் எழுதினது எழுப்பாது." அவள் குரல் ஓடியது. "அந்தப் பத்தியை எழுத உக்காந்திருந்தா தோணியிருக்கும். அவர் எதுக்கு அதை எழுதுவாருன்னு இப்பத்தான்..."

"நீ எழுதினதா?" முதலாளி எழுந்துவிட்டார்.

"என் பேர்ல மூணு தடவை அனுப்பினேன் சார். முடக்கப்போற சிஸ்டத்துல மாற்றம் எதுக்குன்னு மூணையும் இவர் தள்ளிட்டாரு. அண்ணனோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவர் பேர்ல வந்தா தள்ளமாட்டாங்கன்னு நினைச்சேன்."

ஸ்க்ரூ மெதுவாகச் சொன்னான். "ரெண்டு பேய். ஒண்ணு உடைச்சுது, ஒண்ணு ஒட்டுப்போட்டுது."

சர்வேயர் புகார்த் தாளைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு நிமிடத்துக்கு முன் இந்தப் பெண் இந்த அறையை விட்டுத் தலைநிமிர்ந்து போயிருக்கலாம். "நீ சொல்லாம இருந்திருந்தா எங்கிட்ட ருசு எதுவும் இல்ல. தெரியுதில்ல? செத்தவர் பேர்ல உள்ள போனது, படிக்காத கையெழுத்தை வாங்கினது, ரெண்டும் தப்புதான். என் அறிக்கையில ரெண்டு பேர் பேரும் வரும்."

"போடுங்க மேடம்." அவள் மேஜைக்கு வந்துவிட்டாள். "சார், மூணு ஆஸ்பத்திரிக்கும் போன் போடுங்க. குழந்தைகளை எக்ஸ்ரேக்குத் தூக்கிட்டுப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிடுவாங்க."

முதலாளி மேஜைத் தொலைபேசியை இழுத்து முதல் மருத்துவமனையின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது.

"ஹலோ, குழந்தைகள் வார்டா? நாங்க மூச்சுக் கருவி கம்பெனியிலிருந்து... எல்லாத்தையும் பிளக்குல... இல்லம்மா, காரணம் வந்து..." அவர் திணறினார். "யார் பேசறதுன்னு கேக்கறாங்க."

தங்கை அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"சிஸ்டர், அந்தக் கருவிக்குள்ள இருக்கிறதை எழுதினவ பேசறேன். என் தப்பு ஒண்ணு இருக்கு. பேட்டரியில எத்தனை ஓடுது, எண்ணிச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

மறுமுனையில் செருப்புச் சத்தம் வேகமாக நகர்ந்தது. ஒரு கதவு திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக எண்கள் வர, அவள் புகார்த் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளத் தொடங்கினாள்.